மேல் சுனையில் ஆள் இருக்கு

கல் அரைக்கிற கிரஷரில் வேலை செய்யும் பையன்களுக்கு என்னைப் பார்த்தால் ஒரு பொழுதுபோக்கு. டீக்கடையில் நான் வந்து உட்கார்ந்தால் போதும், "பெருசு, பழைய கத எதனா எடுத்து உடேன்" என்பார்கள். நானும் எடுத்து விடுவேன். பாதி உண்மை, பாதி சர்க்கரை. போன மாதம் அவர்களில் ஒருவன், வெடிக்கு முன்னால் சைரன் ஸ்விட்சு போடுகிற பையன், மலையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டான். மலை என்று பழக்க தோஷத்தில் சொல்கிறேன். இப்போது அங்கே இருப்பது பள்ளம். பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் மட்டும், பல்லெல்லாம் கொட்டிப்போன வாயில் ஒற்றைக் கடைவாய்ப் பல் மாதிரி, ஒரு பாறைத் திட்டு நிற்கிறது. அதன் முதுகில் கொஞ்சம் காடு.

"அந்தத் திட்ட மட்டும் ஏன் பெருசு உட்டு வெச்சாங்க? நல்ல கல்லாச்சே."

"நான்தான்டா உட்டு வெச்சேன்."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசி துரைக்கண்ணு மேஸ்திரிக்கும் பச்சையம்மா அக்காவுக்கும் போய்ச் சேர வேண்டியது. அதைச் சர்க்கரை போடாமல் ஒரு தடவையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டை விட்டு மேற்கே உள்ளே போனால் எங்கள் தொட்டிக்குன்று. எண்பதுகளில் அது நிஜமாகவே குன்றாக இருந்தது. கிழக்குப் பக்கம் குவாரி, மேற்குச் சரிவில் காப்புக்காடு, அடிவாரத்தில் எங்கள் காலனி. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்துவிட்டு (பாடம் பிடித்துப்போய் அல்ல) ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். குவாரியில் ஆள் எடுத்தார்கள். கல் உடைக்க உடம்பு இல்லை, கணக்கு எழுத மூளை இல்லை, தொண்டை மட்டும் இருந்தது. "இவனக் கொடிக்கு வெச்சிக்கலாம்" என்றார் மேஸ்திரி. அன்றோடு ஏழுமலை என்ற என் பெயர் போய், 'கொடி' ஆனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிவப்பைத் தூக்கினால் நில், வெள்ளையைத் தூக்கினால் போ. ஒரு காலையில் படிப்பு முடிந்தது. நான் பாஸ் செய்த ஒரே பரீட்சை அதுதான்.

துரைக்கண்ணு மேஸ்திரிதான் வெடிக்காரர். காணை பக்கம் ஊர். தினமும் சைக்கிளில் வருவார். குவாரிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரே மனுஷன். எல்லாரும் பொழுது சாய்வதற்குள் சுண்ணாம்புப் பானையில் விழுந்த எலி மாதிரி ஆகியிருப்போம், அவர் சட்டை மட்டும் காலையில் இருந்தபடி இருக்கும். தூசுகூட அவரிடம் அனுமதி கேட்டுத்தான் உட்காரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

வேலைக்காரர்கள் கூழ் குடிக்க இறங்குகிற மத்தியான நேரத்தில் மட்டும்தான் வெடி. அதற்குப் பிறகு லாரிகள் உள்ளே வந்துவிடும், அப்புறம் கிடையாது. அவர் முதலில் இடுப்பிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வாசல் வேப்ப மரத்தின் கவட்டையில் வைப்பார். கை கழுவுவார். வெடிமருந்துப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போவார், வேறு யாரும் தொடக் கூடாது. தோட்டாவைக் குழிக்குள் மரக் குச்சியால்தான் தள்ளுவார், இரும்பு கிட்டவே வரக் கூடாது. பிள்ளையைத் தூளியில் போடுகிற மாதிரி மெல்ல இறக்கி, மேலே ஈரக் களிமண்ணை அடைப்பார். மற்ற குவாரிகளில் திரி நுனியில், மருந்தைக் கிளப்புகிற கேப்பை மாட்டும்போது பல்லால் கடிப்பார்கள். இவர் குறடு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "பல்லால கடிக்கறவன் ஒரு நாளைக்கிப் பல்லத் தேடிக்கினு போவான்" என்றார். அந்த வாரம் அவர் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

ஆனால் கை கழுவினதற்கும் பெட்டியைத் திறப்பதற்கும் நடுவில் ஒன்று உண்டு. நாலு பக்கமும் கொடிக்காரர்கள் நின்றாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார். "வடக்க ஆள் இருக்குதா?" "கெழக்க ஆள் இருக்குதா?" கொடி ஆட்டினால் போதாது. கண்ணால் பார்த்துவிட்டு வாயால் சொல்ல வேண்டும். "இல்ல" என்று நாலு வாயும் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

மேற்குப் பக்கம் எனக்கு. சேர்ந்த புதிதில் ஒரு நாள் எனக்கு வாய் அரித்தது. "மேக்க ஆள் இருக்குதா?" என்று கேட்டார். "ஆள் இல்ல மேஸ்திரி, ஒரு கழுத இருக்குது! பேரு ஏழுமல!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, வேப்ப மரத்திலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார். அன்றைக்கு வெடி இல்லை.

நான் ஓடிவந்து, "தமாசுக்குச் சொன்னேன் மேஸ்திரி, ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"இருக்குதுன்னு சொன்னியா?"

"சொன்னேன், ஆனா..."

"அப்ப இருக்குது."

"இன்னொருக்கா கேளுங்க மேஸ்திரி."

"ஒரு நாளைக்கி ஒரு தடவதான் கேப்பேன். ரெண்டாந்தடவ கேட்டா, நான் எதக் கேக்க ஆசப்படறனோ அத்தச் சொல்லிடுவ."

முதலாளி வந்து குதித்தபோது, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "மேக்க ஆள் இருந்திச்சிங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு விதத்தில் அதுவும் உண்மைதானே, நான் இருந்தேனே.

மேற்கே நின்றதால் நான் பார்த்தது மற்றவர்கள் பார்க்காதது. கிழக்கே நின்றவனுக்குக் கல் தெரியும், எனக்குக் காடு தெரிந்தது. காரை, களா, சூரை, வெப்பாலை என்று இடுப்புயரக் காடுதான், பெரிய வனம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சேர்ந்தபோது வெடிச் சத்தம் கேட்டதும் மயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அகவும். திட்டுகிற மாதிரி இருக்கும். நானும் பதிலுக்குத் திட்டுவேன். கொஞ்ச காலத்தில் திட்டுகிற குரல்கள் குறைந்தன. அப்புறம் நான் மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். களாப்பழம் பறித்துக் கடித்தால் பல்லில் கல் மாவு நறநறக்கும். ஆடுகள் இலையை மோந்து பார்த்துவிட்டு, உப்பில்லாத சோற்றைப் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கீழே ஊர்க்காரர்களின் வேர்க்கடலைக் கொல்லை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பூப்பூக்கிற காலத்தில் வெள்ளையாக நிற்கும், பூவால் அல்ல. அவர்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போனது. எங்கள் காலனிச் சுவர்களில் பல்லி ஓடாத இடத்திலெல்லாம் விரிசல் ஓடியது.

எங்களுக்கு ஊர்க் கிணறு கிடையாது. எங்களுக்கு இருந்தது குன்றின்மேல் இரண்டு சுனை. காட்டுச் சரிவில் விழுகிற மழை பாறைக்குள் இறங்கி, கோடையிலும் கசிந்து அங்கே நிற்கும். கீழ் சுனை குவாரிப் பக்கம், மேல் சுனை காட்டுப் பக்கம். ஒரு பங்குனி மாதம் கீழ் சுனைக்குப் பக்கத்தில் வெடி வைத்தார்கள். ஆள் இல்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்துக்குள் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. கடவுளே இறங்கி வந்து குழாய் திறந்துவிட்டதுபோல நாங்கள் எல்லாரும் கூச்சல் போட்டுக் குளித்தோம். சாயங்காலம் பெண்கள் குடத்தோடு மேலே போனார்கள். சுனையில் சேறும் இரண்டு தவளையும் இருந்தன.

மேஸ்திரி அன்று சைக்கிளை எடுக்கவில்லை. மேலே போய், காய்ந்த சுனையின் அடியில் இருந்த விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. "நான் வெச்ச வெடிதான்" என்றார். பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னாரா, விரிசலிடம் சொன்னாரா, தெரியாது. அவர் சட்டையில் அழுக்குப் பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வருஷம், ஆடிக்கு முன்னால், முதலாளி மேற்கே கை காட்டினார். மேல் சுனையை ஒட்டின பாறையில் நடுவே நீலக் கோடு ஓடாத சுத்தமான கல், பெரிய பெரிய துண்டாக வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கல்லைத் தவிர எதுவும் கண்ணில் படாத மனுஷர், அவ்வளவுதான். பாறையைத் துளைக்கிற கம்ப்ரஷர் வந்தது, வெடிக்குக் குழி போட்டார்கள். மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார்: "சுன போயிடுங்க."

"சுன போனா போர் போட்டுக் குடுக்கறேன்" என்றார் முதலாளி. கீழ் சுனை போனபோதும் அதையேதான் சொன்னார். போர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பச்சையம்மா அக்கா அதே குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. வாய் என்றால் வாய், என்னையே வாயடைக்க வைக்கிற வாய். அன்று சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் கொடி, நாளைக்கு மேலச் சுனைய ஒடைக்கப் போறீங்களாமே? வெக்கமா இல்ல?"

"நான் இன்னா பண்ணுவேங்க்கா? நான் துணி ஆட்டறவன்."

"ஒங்க மேஸ்திரி பெரிய யோக்கியன்னு பீத்திக்குவியே. அந்தாளு இன்னா பண்றான்?"

"அவரு ஒண்ணும் பண்ணமாட்டாரு. கேப்பாரு, நான் சொல்லணும், அவ்ளோதான். ஆள் இருக்குதுன்னா அன்னைக்கி வெடி இல்ல. கழுத இருக்குதுன்னு சொன்னதுக்கே வெடி இல்லாம போச்சே, ஞாபகம் இல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கேப்பைக் களி உருண்டை அப்படியே நின்றது. "ஆள் இருக்குதுன்னா வெடி இல்லியா?"

"இல்ல."

"எந்த ஆளா இருந்தாலும்?"

"எந்த ஆளா இருந்தாலும்."

மறுநாள் மத்தியானம் நாலு பக்கமும் நின்றோம். மேஸ்திரி கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். சுனைக் கரையில் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"மேக்க ஆள் இருக்குது!"

"யாரு?"

"பச்சையம்மாக்கா! தலைக்கு ஊத்திக்கினு இருக்குது!"

பெட்டி திறக்கவில்லை. மறுநாள் வேறொருத்தி துணி துவைத்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு பேர் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள், அந்தப் பேன்கள் முதலாளிக்குச் செய்த நஷ்டத்தை வேறு யாரும் செய்ததில்லை. ஒரு நாள் கண்டாச்சிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களையே அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, மல்லாட்டை அவித்துக் கொடுத்தார்கள். "மேக்க ஆள் இருக்குது! மாப்ள வூட்டுக்காரங்க!" என்று நான் கத்தினேன். அந்தக் கல்யாணம் நடந்தது. மேஸ்திரிக்கு முதல் பத்திரிகை வைத்தார்கள். எல்லாருக்கும் அந்த மத்தியான நேரம்தான் ஓய்வு, கூழ் குடிக்கிற நேரத்தைத்தான் அங்கே செலவழித்தார்கள்.

இத்தனை நாளும் மேஸ்திரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தினமும் பீடியைக் கவட்டையில் வைப்பார், கை கழுவுவார், கேட்பார், பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். ஏதோ இன்றைக்கு நிச்சயம் வெடி உண்டு என்பதுபோல ஒவ்வொரு நாளும் கை கழுவினாரே, அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். "இன்னாய்யா மேஸ்திரி, வெளையாட்றீங்களா? அவளுங்களத் தொரத்து!"

"தொரத்தறது எங்க வேல இல்லீங்க. எச்சரிக்கறதுதான் வேல. கொடி, எச்சரிச்சியா?"

"தொண்ட கட்டிக்கிச்சிங்க மேஸ்திரி."

"எச்சரிச்சிட்டான்ங்க. அவங்க போவல. ஆள் இருக்கறப்ப நான் திரி வைக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே பச்சையம்மா அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள், புருஷன் காசம் பிடித்துப் படுத்திருந்தான், கல் மாவு நெஞ்சில் இறங்கினதுதான். நான் முதல் தடவையாகக் கிண்டல் பண்ணாமல், "போய்க் கேட்டுப் பாருக்கா, மன்னிப்பு கேட்டா எடுத்துக்குவாரு" என்றேன்.

"வேல போனா காணையில கரும்பு வெட்டப் போவேன். தண்ணி போனா எங்கடா போவேன்?" மறுநாள் விடியக் காணைக்குப் போய்விட்டாள்.

முதலாளி மூளைக்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் காலனி வாசலில் ஒரு லாரி நின்றது. வேப்பிலைத் தோரணம் வேறு. "எல்லாருக்கும் இன்னைக்கு லீவு, திருவாமாத்தூர் கோயிலுக்கு முதலாளி செலவு, சாப்பாடும் உண்டு." வாழ்நாளில் முதலாளி செலவில் எதையும் பார்த்திராத ஜனம். கிழவி, குஞ்சு, குளுவான் எல்லாம் ஏறிவிட்டார்கள். பாதி வழி போனபிறகுதான் ஒருத்திக்கு உறைத்ததாம். லாரிக்காரன் நிறுத்தவில்லை.

குவாரியில் அன்று நாங்கள் கொடிக்காரர்கள் மட்டும் இருந்தோம். திண்டிவனம் பக்கத்திலிருந்து வேறொரு வெடிக்காரர் வந்திருந்தார், மீசை பெரிதாக, ஆள் நல்ல மனுஷன் மாதிரி. முதலாளி துரைக்கண்ணு மேஸ்திரியிடம், "நாளையிலருந்து நீ வர வேணாம்" என்று சொன்னார். இன்றைக்கு என்று சொல்லவில்லை என்றாலும் அர்த்தம் அதுதான். மேஸ்திரி தலையாட்டினார். வேப்ப மரக் கவட்டையில் அப்போதுதான் வைத்த பீடிக் கட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மேற்கே போய் நின்றேன். சுனை சும்மா கிடந்தது. ஒரு கீரிப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு என்னை முறைத்தது. மற்ற மூன்று பக்கமும் "இல்ல" வந்தாகிவிட்டது. பெரிய மீசைக்காரர் கீழேயிருந்து கேட்டார்: "மேக்க ஆள் இருக்குதாப்பா?"

இருக்குது என்று சொல்லிவிடலாம். பொய் எனக்குப் புதிதா? பிறந்ததிலிருந்து பழக்கம். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் வாய் பொய்க்கு வளையவில்லை. கழுதைக்குப் பிறகு நான் அந்தக் கேள்விக்குத் தமாசாகக்கூட மாற்றிச் சொன்னதில்லை. திருவாமாத்தூர் வட்டப்பாறையில் கை வைத்துப் பொய் சொன்னால் விளங்காமல் போவார்கள் என்பார்கள். ஜனமெல்லாம் அங்கே போயிருந்தது, பாறைமேல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்பா, காது கேக்கலியா? மேக்க ஆள் இருக்குதா?"

"இல்ல" என்பதற்கு வாயைத் திறந்தேன். அப்போது பீடி நாற்றம் வந்தது.

களாப் புதருக்குப் பின்னால் முதலில் புகைதான் தெரிந்தது. அப்புறம் வெள்ளைச் சட்டை. காட்டுப் பக்கமாகச் சுற்றி ஏறி வந்திருக்கிறார், முள் கிழித்துக் கை எல்லாம் ரத்தம். வாசல் வேப்ப மரத்தைத் தாண்டி உள்ளே அவர் பீடி பிடித்து நான் பார்த்ததே இல்லை. சுனைக் கரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் தண்ணீருக்கு மேலே தொங்கப் போட்டார். தண்ணீரில் படாமல்தான், குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே.

"இன்னாடா முழிக்கிற? இப்ப சொல்லு."

நான் சொன்னேன். என் தொண்டை அன்றைக்குப் போட்ட சத்தத்தில் இருந்த கொஞ்ச மயிலும் அகவியது. "மேக்க ஆள் இருக்கு! ஆள் இருக்கு!"

"யாருப்பா?"

"தொரக்கண்ணு மேஸ்திரி!"

 கீழே முதலாளி கத்துவது கேட்டது. அப்புறம் மீசைக்காரர் பெட்டியை அங்கேயே மூடி வைத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கொடிக்கம்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் சுனையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், கீழே காய்ந்து கிடந்த மற்ற சுனையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். மேஸ்திரி ஒரு பீடியை நீட்டினார்.

"எவ்ளோ நேரம் குந்தியிருப்ப?" என்றார் மீசைக்காரர்.

"வெடி நேரம் போற வரிக்கும்."

"நாளைக்கி?"

"நாளைக்கிந்தான். வேலதான் போச்சே."

மீசைக்காரர் சிரித்துவிட்டார். கீழே இறங்கி முதலாளியிடம் சொன்னது எனக்கு மேலே வரை கேட்டது. "வேற எடம் காட்டுங்க, வைக்கறேன். ஒரு வெடிக்காரன் குந்தியிருக்கற எடத்துல இன்னொரு வெடிக்காரன் திரி கொளுத்தினான்னு இருந்தா, அப்பால எவனும் எனக்குக் கொடி புடிக்க மாட்டான்."

சாயங்காலம் லாரி திரும்பி வந்தபோது ஜனமெல்லாம் அழுதுகொண்டே மேலே ஓடினார்கள். மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டிவிட்டு வந்த பச்சையம்மா அக்கா சேதி கேட்டு ஒரு சொம்புக் கூழ் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். எங்கள் காலனிச் சொம்பை வாங்கி அவர் குடிப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு கையாலும் வாங்கினார். "மேஸ்திரி, ஒன்ன யோக்கியன்னு இந்தக் கொடிப்பய சொன்னப்ப நான் நம்பல" என்றாள். "அவன் சொல்றத எவன் நம்புவான்" என்றார் அவர், குடித்துக்கொண்டே. அதுதான் அவர் என்னைக் கிண்டல் செய்த ஒரே தடவை.

முதலாளி தெற்கே நகர்ந்துவிட்டார். அங்கே கல் மட்டமாக இருந்தாலும் சண்டையில்லாத கல். துரைக்கண்ணு மேஸ்திரி திரும்பி வரவே இல்லை, மீசைக்காரரோடு திண்டிவனம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அக்கா கரும்பு வெட்டியே பிள்ளைகளை வளர்த்தாள். நான் பின்னால் வெடிக்காரனாகி, அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு வேலையை முடித்தேன். குன்று போய்விட்டது. அதில் என் கையும் உண்டு, மறைக்கவில்லை. திட்டு நிற்கிறது. கோடையில் மேல் சுனையில் இப்போதும் தண்ணீர் உண்டு. மயிலும் ஒன்றிரண்டு உண்டு.

சைரன் பையன் சும்மா கேட்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. "கிரஷர் ஆபீஸ்லருந்து வந்து அந்தத் திட்ட அளந்துக்கினு போனாங்க பெருசு, அதான்."

அன்றிலிருந்து நான் மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறேன். முட்டி வலிக்கிறது, வழியில் நாலு தடவை உட்கார்ந்து முதலாளி வம்சத்தையே திட்டிக்கொண்டு ஏறுகிறேன். நேற்று கீழேயிருந்து பையன் கத்தினான்.

"பெருசு, அங்க இன்னா பண்ற?"

"கேக்கறத ஒழுங்காக் கேளுடா!"

 டீக்கடையில் பாதிக் கதை கேட்டவன்தானே.

"மேக்க ஆள் இருக்குதா?"

"இருக்குதுடா!" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தேன்.